பேஸ் அடித்தால் ஆம்ப் அணைகிறதா? எர்த்தைப் பாருங்கள்

சத்தத்தைக் கூட்டி பேஸ் பலமாக அடிக்கும்போதெல்லாம் கார் டிக்கியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஒரு நொடி அணைந்து மறுபடி வரும். ஹெட்லைட் மட்டும் மங்கவே இல்லை; பேட்டரியில் கோளாறு என்றால் அதுவும் மங்கியிருக்கும். அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பேட்டரியை மாற்றினேன், பலனில்லை. கடையில் சொன்னார்கள் என்று 1 ஃபாரட் கெபாசிட்டர் (கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் சட்டென்று கொடுக்கும் பாகம்) போட்டேன், அதுவும் வீண். நாலு நாள் போனது.

அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். இன்ஜினும் பாட்டும் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட், ஆம்பில் 11.2. பாட்டை நிறுத்தினால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் பாட்டு ஓடும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை ஆம்பின் எர்த்திலும் (கரண்ட் கார் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) இன்னொன்றை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தால் 2.3 வோல்ட் காட்டியது! பாசிட்டிவ் வயரில் இழப்பு வெறும் 0.4 வோல்ட்; மீதி எல்லாம் எர்த் பக்கம்தான்.

எர்த் வயரைப் பின்சீட் போல்ட்டில் மாட்டியிருந்தார்கள். கழற்றினால், லக்குக்கு (வயர் நுனியில் இருக்கும் உலோக வளையம்) அடியில் பெயின்ட் கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருக்கிறது. பெயின்ட் கரண்டை விடாதே! பக்கத்தில் பாடித் தகட்டை உப்புத்தாளால் இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். பாசிட்டிவ் வயர் அளவுக்கே தடித்த செம்பு வயரை அரை மீட்டர் நீளத்தில் வெட்டி, தனி போல்ட் போட்டு இறுக்கினேன். துருப்பிடிக்காமல் இருக்க மேலே பெயின்ட் பூசினேன்.

அதே பாட்டு, அதே சத்தம், இப்போது எர்த்தில் 0.1 வோல்ட்தான். அப்பாடா! ஆம்ப் அதன்பின் ஒருமுறைகூட அணையவில்லை.