பிராட்மேனின் ஏழு இன்னிங்ஸில் ஒரு புள்ளியியல் வகுப்பு

கிரிக்கெட்டை வைத்துப் புள்ளியியல் நடத்தும்போது முதல் சிக்கல் ‘பேட்டிங் சராசரி’யில்தான் வரும். பாடநூலின் கூட்டுச் சராசரி வேறு, இது வேறு. இங்கே ரன்களை வகுப்பது ஆட்டமிழந்த தடவைகளால். டான் பிராட்மேன் டெஸ்டில் 80 இன்னிங்ஸில் 6996 ரன் எடுத்தார். 10 முறை நாட் அவுட். 70-ஆல் வகுத்தால்தான் அந்தப் புகழ்பெற்ற 99.94 வரும், 80-ஆல் வகுத்தால் 87.45. இதை முதலிலேயே கரும்பலகையில் போட்டுக் காட்டிவிடுங்கள்.

ஆகவே பயிற்சிக்கு நாட் அவுட்டே இல்லாத தொடராக எடுங்கள். 1930 ஆஷஸ் தொடரில் பிராட்மேன் அடித்தவை: 8, 131, 254, 1, 334, 14, 232. மொத்தம் 974, சராசரி 139.1. ஏறுவரிசையில் எழுதினால் இடைநிலை அளவு, அதாவது நடுவில் நிற்கும் எண், 131. இரண்டும் நெருங்கி வருவதால், “வழக்கமாக 130 அடிப்பார்” என்று வகுப்பே முடிவுகட்டும். மறுக்காதீர்கள்.

இப்போது நோட்டில் எண்கோடு வரையச் சொல்லுங்கள். 1 செ.மீ.க்கு 20 ரன் என்றால் 350 வரை 17.5 செ.மீ.யில் அடங்கும். புள்ளி வைத்ததும் தெரிந்துவிடும்: மூன்று 15-க்குக் கீழே, மூன்று 230-க்கு மேலே, நடுவில் 131 மட்டும் தனியாக. படம் வரையாமல் சராசரிக்குத் தாவும் வகுப்புக்கு இது கடைசிவரை கண்ணில் படாது.

அடுத்து இரண்டு மாற்றங்கள், ஒவ்வொன்றாக. 334-ஐ 600 ஆக்கினால் சராசரி 177.1-க்கு ஏறும், இடைநிலை அசையாது. பழையபடி 334-ஐ வைத்துவிட்டு 131-ஐ 20 ஆக்கினால் சராசரி 123.3தான், இடைநிலையோ 20-க்குச் சரியும். “இடைநிலை எதற்கும் அசையாது” என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்த இரண்டாவது கணக்கு அவசியம்.

திட்ட விலக்கம் என்பது ரன்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு. அதற்கு ஏழு ரன்களின் வர்க்கங்களின் கூடுதல் 247318. விடை 126.4. கால்குலேட்டரில் 136.5 வந்தால், 7-க்குப் பதில் 6-ஆல் வகுக்கும் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். பத்தாம் வகுப்புச் சூத்திரம் 7-ஆல் வகுப்பது. திட்ட விலக்கத்தைச் சராசரியின் சதவீதமாகச் சொல்லும் மாறுபாட்டுக் கெழு 90.8%.

பிறகு இருவர் இருவராகப் பிரித்து, பிடித்த ஆட்டக்காரரின் 20 இன்னிங்ஸை எடுத்து வரச் சொல்லுங்கள். டெஸ்டையும் டி20-யையும் கலக்க விடாதீர்கள். நல்ல ஸ்கோரை மட்டும் பொறுக்கி வராமலிருக்க, தொடர்ச்சியான 20 என்று கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.