தெளிவாக எழுத: செயலிக்கு முன்னும் பின்னும்

கட்டுரையோ கடிதமோ அறிவிப்போ எழுதத் தொடங்குகையில், செயற்கை நுண்ணறிவுச் செயலியைத் திறப்பதற்கு முன், வாசகர் இதைப் படித்து எதைத் தெரிந்துகொள்ள வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அந்த வாக்கியம் அமையவில்லை என்றால், சொல்ல வந்தது உங்களுக்கே இன்னும் முடிவாகவில்லை என்று பொருள்; அந்த நிலையில் எந்தச் செயலியும் உதவாது.

‘குழாய்ப் பழுதுபார்ப்புப் பணிகள் மேற்கொள்ளப்படவிருப்பதால் குடிநீர் விநியோகம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படும் எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது’ என்றோர் அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். ‘பழுதுபார்ப்புப் பணிகள் மேற்கொள்ளப்படவிருப்பதால்’ என்பதைப் ‘பழுதுபார்ப்பதால்’ என்றும், ‘விநியோகம் நிறுத்திவைக்கப்படும்’ என்பதைத் ‘தண்ணீர் வராது’ என்றும் மாற்றி, கடைசியிலுள்ள ‘எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது’ என்பதை நீக்கிவிட்டால், ‘தற்காலிகமாக’ என்பது மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். எந்த நாள், எத்தனை மணி வரை? ‘குழாயைப் பழுதுபார்ப்பதால் நாளை காலை 6 மணி முதல் 10 மணி வரை தண்ணீர் வராது’ என்று எழுதினால்தான் வாசகர் இன்றே தண்ணீர் பிடித்து வைப்பார். செயப்பாட்டு வினைகளைக் களைவதால் வாக்கியம் சுருங்குவதைக் காட்டிலும், அவற்றின் பின்னால் விடுபட்டிருந்த விவரம் கண்ணில் படுவதையே நான் பெரும்பயனாகக் கருதுகிறேன்.

அதே அறிவிப்பைச் செயலியிடம் கொடுத்தால் நடையை நன்றாகவே எளிமையாக்கித் தரும். ஆனால், நீங்கள் சொல்லாத நேரத்தை அது அறியாது. இத்தகைய செயலிகளை இயக்கும் மொழி மாதிரிகள், முன்னுள்ள சொற்களைக் கொண்டு அடுத்து வரக்கூடியதைக் கணித்து எழுதுபவை என்பதால், இல்லாத விவரத்தையும் உண்மைபோல் தோன்றும்படி இட்டு நிரப்பக்கூடும். ஆகவே, வரைவை நீங்களே எழுதிவிட்டு, செயலியை முதல் வாசகராக வைத்துக்கொள்ளுங்கள். ‘திருத்தி எழுது’ என்று கேட்பதைவிட, ‘எதையும் திருத்தாதே; எந்த வாக்கியம் இரு பொருள் தருகிறது, வாசகரின் எந்தக் கேள்விக்கு விடை இல்லை என்று மட்டும் சொல்’ என்று கேளுங்கள். நீண்ட கட்டுரையானால், அதன் சாரத்தை மூன்று வரியில் தரச் சொல்லுங்கள். உங்கள் முதன்மைக் கருத்து அதில் இல்லையென்றால், அது எந்தப் பத்தியில் புதைந்து கிடக்கிறது என்று தேடி முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பிறருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள கடிதமாக இருந்தால், அவற்றை நீக்கிய பிறகே செயலியில் இடுங்கள்.

செயலி சொன்ன திருத்தங்களை ஏற்ற பின், முழுவதையும் வாய்விட்டுப் படியுங்கள். ‘முக்கியப் பங்கு வகிக்கிறது’, ‘என்பது குறிப்பிடத்தக்கது’ போன்ற தேய்ந்த தொடர்கள் அப்போது காதில் உறுத்தும். பெரும்பாலும் அவற்றை எடுத்துவிட்டாலே போதும். ஆண்டு, எண், மேற்கோள் ஆகியவற்றைச் செயலியிடமே மறுபடி கேட்டு உறுதிசெய்யாமல், மூல ஆவணத்தைத் திறந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.