மிஸ்ஃபயரா? காயிலை இடம் மாத்திப் பாருங்க

பெட்ரோல் வண்டி ஐடில்ல நிக்கும்போது உதறுது, ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது, செக் எஞ்சின் லைட்டும் எரியுதுன்னா அது மிஸ்ஃபயரா, அதாவது ஏதோ ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியாம போறதா இருக்கலாம். உடனே நாலு இக்னிஷன் காயிலையும் (ஸ்பார்க் பிளக்குக்கு கரண்ட் குடுக்கிறது) மாத்திடாதீங்க, காசு தண்டம். முதல்ல ஓபிடி ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறைப் படிக்கிற கருவி) போட்டு எரர் கோடு (code) பாருங்க, பி0302ன்னு வந்தா ரெண்டாவது சிலிண்டர்ல மிஸ்ஃபயர், கடைசி நம்பர்தான் சிலிண்டர். எஞ்சினை ஆஃப் பண்ணி நல்லா ஆறவிட்டு, ரெண்டாவது காயிலைக் கழட்டி மூணாவதுல போடுங்க, மூணாவதை ரெண்டுல போடுங்க, ஸ்கேனர்ல எரர் கோடை அழிச்சிட்டு ஒரு ரவுண்டு ஓட்டுங்க. பி0303ன்னு மாறிடுச்சுன்னா காயில்தான் போயிருக்கு, ஒண்ணு வாங்கினா போதும். மாறலன்னா ஸ்பார்க் பிளக்கை இதே மாதிரி மாத்திப் பாருங்க, அதுக்கும் அசையலன்னா இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சுறது), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தம்)னு போகணும்.

கனெக்டர் லாக்கு சூட்டுல மொறமொறன்னு ஆயிருக்கும், மெதுவா அமுக்கி எடுங்க. என் வண்டில காயிலை உருவினப்போ அடி ரப்பர் முழுக்க ஆயில், பிளக் குழிக்குள்ளயும் தேங்கி நின்னுச்சு, வால்வு கவர் சீல் கசிவுதான், அதைச் சரி பண்ணாம புது காயில் போட்டா அதுவும் போயிடும்.

செக் எஞ்சின் லைட் விட்டு விட்டு மின்னுச்சுன்னா தயவுசெஞ்சு ஓட்டாதீங்க, எரியாத பெட்ரோல் போய் புகையைச் சுத்தப்படுத்துற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே காலி பண்ணிடும், அது காயிலை விட பல மடங்கு விலை.