நான்கு பேர், அரை மணி நேர நாடகம்: ஒத்திகையை எங்கிருந்து தொடங்குவது?

நடிக்க ஆள் குறைவு என்றால் வேலையும் குறைவு என்று தோன்றும். அப்படி இல்லை. மூன்று, நான்கு பேர் மட்டும் நடிக்கும் மாணவர் நாடகத்தில் ஒருவர் வராவிட்டாலே அன்றைய ஒத்திகை படுத்துவிடும். மேடையில் ஒருவர் வசனத்தை மறந்தால் ஒளிந்துகொள்ளக் கூட்டமும் இருக்காது. பிரதி கையில் இருக்கிறது, யாருக்கு எந்தப் பாத்திரம் என்பதும் முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு அதற்கு அடுத்த கட்டத்திலிருந்து எழுதுகிறேன்.

1. பிரதியைத் துண்டு போடுங்கள்

பிரதியில் இருக்கும் காட்சி எண்களை ஒத்திகைக்கு நம்ப வேண்டாம். ஒரு பாத்திரம் உள்ளே வரும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பழைய பிரெஞ்சு நாடகங்களில் காட்சியையே இப்படித்தான் பிரிப்பார்கள். பிறகு ஒரு தாளில் கட்டம் போட்டு, மேலே பாத்திரங்களையும் பக்கவாட்டில் துண்டுகளையும் எழுதி, யார் எதில் இருக்கிறார்களோ அங்கே டிக் அடியுங்கள். இரண்டு பேர் மட்டும் வந்த நாளிலும் எதை எடுக்கலாம் என்று பார்த்தவுடன் தெரியும். இதற்கெல்லாம் செயலிகள் உண்டு. எனக்குச் சுவரில் ஒட்டிய தாள்தான் பிடிக்கும். அட்டவணை பார்க்கப் போனைத் திறந்தால் எல்லோரும் போனுக்குள்ளேயே போய்விடுகிறார்கள்.

2. உட்கார்ந்து வாசியுங்கள்

நடிக்காமல், சாதாரணமாக. நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மேடையில் அசைவும் மௌனமும் சேர்ந்து நாடகம் நீளும். அதனால் வரம்பு 30 நிமிடம் என்றால் வாசிப்பு 25 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. வெட்ட வேண்டியதை இப்போதே வெட்டிவிடுங்கள். மனப்பாடம் ஆன பிறகு வெட்டினால் நாக்கு பழைய வரிக்கே ஓடும்.

3. தரையில் மேடையை வரையுங்கள்

மேடையின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து, ஒத்திகை அறைத் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். செலோ டேப் வேண்டாம். கண்ணுக்கும் தெரியாது, உரித்தால் பசையும் போகாது. வலது, இடது என்பது பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் வலது, இடது. இதை முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

மூன்று பேர் என்றால் தானாகவே ஒரு வரிசையில் நின்றுவிடுவார்கள். ஒருவரைப் பின்னால் தள்ளி முக்கோணமாக்குங்கள். காரணம் இல்லாமல் யாரையும் நடக்க விடாதீர்கள். இந்த நொடியில் இந்தப் பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். நடிப்புப் பயிற்சிக்கு ஒரு முறையை வகுத்த ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் முறையில் நமக்கு உடனே உதவும் கேள்வி இதுதான். பதில் கிடைத்தால் அசைவும் கிடைக்கும்.

4. பிரதியைக் கீழே வைப்பது

எங்களை மிகவும் படுத்தியது இந்தப் படிதான். வீட்டில் ஒப்பிக்கும்போது எல்லோருக்கும் வசனம் வருகிறது. எதிரே ஆள் நின்றால் வருவதில்லை. ஏனென்றால் தன் வரி தெரியும், அதை எப்போது சொல்வது என்பது தெரியாது. தன் வரிகளுக்கு மட்டும் மஞ்சள் மார்க்கர் பூசிவிட்டால் கண் மற்றவர் பேச்சைத் தாண்டிப் போய்விடுகிறது.

அதனால் மார்க்கரைத் தூரப் போடுங்கள். எதிராளி பேசும் கடைசி நான்கைந்து சொற்களைப் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். அதுதான் உங்கள் க்யூ, அதாவது நீங்கள் பேசத் தொடங்க வேண்டிய அடையாளம். தனியாகப் பழக வேண்டுமென்றால் மற்றவர் வசனங்களைப் போனில் பதிவுசெய்து, உங்கள் வரிக்கு இடைவெளி விட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிரதியைக் கீழே வைக்கும் நாளை முன்கூட்டியே அறிவியுங்கள். அன்றிலிருந்து நடிக்காத ஒருவர் பிரதியோடு ஓரமாக உட்காரட்டும். மறந்தவர் பாத்திரத்தை விட்டு வெளியே வராமல் "வரி" என்று மட்டும் சொல்ல வேண்டும். மன்னிப்பும் சிரிப்பும் கூடாது. எடுத்துக் கொடுப்பவர் முதல் இரண்டு மூன்று சொற்களோடு நிறுத்த வேண்டும். முதல் சில ஒத்திகைகள் ஆமை வேகத்தில் நகரும், பரவாயில்லை. "இந்தக் காட்சிக்கு மட்டும் பிரதி வைத்துக்கொள்கிறேன்" என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

அப்புறம் ஒரு வேக ஓட்டம்: வட்டமாக உட்கார்ந்து, நடிப்பே இல்லாமல், மூச்சு முட்டும் வேகத்தில் முழு நாடகத்தையும் சொல்லிப் பாருங்கள். தடுக்கும் இடம்தான் இன்னும் மனதில் ஏறாத இடம்.

சிறிய நாடகங்களுக்கே உரிய ஒரு பொறி உண்டு. அதே இரண்டு பேர் திரும்பத் திரும்பப் பேசுவதால், "நீ ஏன் சொல்லவில்லை?" போன்ற ஒரு கேள்வி நான்காம் பக்கத்திலும் வரும், பதினொன்றிலும் வரும். நடிகர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினால் நாடகத்தின் நடுப்பகுதியே காணாமல் போய்விடும், அல்லது சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வரும். இந்த இரட்டை வரிகளை முதலில் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அசைவை மாற்றுங்கள்: முதல்முறை உட்கார்ந்து கேட்கட்டும், இரண்டாம்முறை கதவருகே நின்று கேட்கட்டும். உடம்பு இருக்கும் இடம் வரியை நினைவுபடுத்தும். ஒரு நாள் வேண்டுமென்றே ஒருவரைத் தாவச் சொல்லி, மற்றவர்கள் கதையைத் திரும்ப இழுத்து வரப் பழக்குங்கள்.

5. பொருட்களும் உடையும்

டம்ளரோ பையோ கடிதமோ, கை பிரதியிலிருந்து விடுபட்ட அன்றே உண்மையான பொருளைக் கொடுங்கள். ஒருவருக்கு இரண்டு வேடம் என்றால் உடை மாற்றும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் பாருங்கள். நேரம் போதாவிட்டால் உடையைக் குறையுங்கள். ஒரு துண்டு, ஒரு கண்ணாடி, வேறொரு நடை இருந்தால் போதும்.

6. கடைசிக் கட்டம்

நடிப்பை ஒதுக்கிவிட்டு, விளக்கு, ஒலி மாறும் இடங்களை மட்டும் ஒரு முறை ஓட்டுங்கள். அடுத்து நிறுத்தாமல் முழு ஒத்திகை. இயக்குநர் இடையில் வாயைத் திறக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் இரண்டு விஷயங்கள் கேட்டார்கள். ஒருவர் கடைசி நேரத்தில் காய்ச்சலில் படுத்தால்? எடுத்துக் கொடுப்பவரை எல்லா ஒத்திகைக்கும் வரச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான். அசைவுகள் அவருக்கும் பழகியிருக்கும். கையில் பிரதியோடு ஏறினாலும் நாடகம் நிற்காது.

இயக்குநரே நடிக்கலாமா? நடிக்கலாம். ஆனால் ஒத்திகையைப் போனில் படம்பிடியுங்கள். போனைக் கடைசி வரிசை இருக்கும் தூரத்தில் வையுங்கள், மேடை ஓரத்தில் அல்ல. படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் முதலில் கேளுங்கள். எந்த வரியின் கடைசிச் சொல் அமுங்கிப் போகிறது என்று குறித்துக்கொண்டு, அப்புறம் படத்தைப் பாருங்கள்.