சாட்டனூகாவில் முதல் ஆறு வாரம்: அமெரிக்கத் தென்மாநில ஊரில் குடியேறுவோருக்கான செய்முறை விளக்கம்

டென்னசி மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், ஜார்ஜியா எல்லையை ஒட்டி, டென்னசி ஆறு பாம்பாக வளைந்தோடும் பள்ளத்தாக்கில் அமைந்த ஊர் சாட்டனூகா. 2020 கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 1,81,099. ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் 2011-இல் இங்கே கார்த் தொழிற்சாலையைத் திறந்தது. அதற்கும், இங்கே தலைமையகம் வைத்திருக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும், பல்கலைக்கழகத்துக்குமாக நம்மவர்கள் ஆண்டுதோறும் வந்து இறங்குகிறார்கள். வருகிறவர்கள் விசா, சம்பளம், வீட்டு வாடகை எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டுதான் வருகிறார்கள். ஆனால் இந்த ஊரில் கண்டும் காணாமல் போவது மரியாதைக் குறைவு என்பதை மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லி அனுப்புவதில்லை. ஒன்பது ஆண்டுகளாக இங்கே வாழ்ந்து, பெரும்பாலான தவறுகளை நானே செய்து பார்த்துவிட்டபடியால், புதிதாக வருவோருக்கு வரிசையாக எழுதி வைக்கிறேன்.

படி 1: மின் இணைப்பும் கணக்கு வழக்கும்

வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் முதலில் அழைக்க வேண்டியது இ.பி.பி. என்னும் மின்வாரியத்தை. இது ஊருக்குச் சொந்தமான பொது நிறுவனம். 2010-இலேயே நொடிக்கு ஒரு கிகாபிட் வேக இணையத்தை ஊர் முழுவதற்கும் கொண்டுவந்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. மின்சாரத்தையும் இணையத்தையும் ஒரே அழைப்பில் கேட்டு வாங்கிவிடலாம்.

டென்னசியில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. மகிழ்ச்சி அடைவதற்கு முன் கடைக்குப் போய்வாருங்கள்: பொருட்களின் மீதான விற்பனை வரி இங்கே 9.25 விழுக்காடு, அரிசி பருப்பு போன்ற மளிகைக்கு 6.25 விழுக்காடு. அலமாரியில் ஒட்டியிருக்கும் விலையில் இந்த வரி சேர்ந்திருக்காது. சில்லறையை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு கல்லாவில் நின்றால் ஏமாற்றமே மிஞ்சும்.

படி 2: வண்டி

கார் இல்லாமல் இங்கே குடித்தனம் நடத்த முடியாது. பேருந்து உண்டு, ஆனால் அது நகர மையத்தில் வேலையும் வீடும் வாய்த்தவர்களுக்கே உதவும். ஹிக்சன், ஊல்டவா, கிழக்கு பிரெய்னர்ட் போன்ற பகுதிகளில் வீடு எடுத்தவர்களுக்குப் பால் வாங்கவும் வண்டிதான் வேண்டும். குடிவந்த 30 நாட்களுக்குள் மாநில ஓட்டுநர் உரிமம் எடுக்க வேண்டும் என்பது சட்டம். எழுத்துத் தேர்வில் 30 கேள்விகள். 24-க்குச் சரியான விடை தந்தால் தேர்ச்சி. கையேட்டை இரண்டு முறை வாசித்தால் போதும், அதற்கு மேல் பயப்பட வேண்டாம்.

கையேடு சொல்லும் விதிகளில் இரண்டை மட்டும் இங்கே வற்புறுத்துகிறேன். பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைச் சிமிட்டி நிற்கும்போது, நடுவே தடுப்பில்லாத சாலையில், எதிர்த் திசையில் வருகிறவர்களும் நின்றாக வேண்டும். வண்டி ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடிப்பது 2019 ஜூலை முதல் குற்றம்.

கையேடு அழுத்திச் சொல்லாத ஒன்றும் உண்டு. நான் வந்த இரண்டாம் மாதம், ஹிக்சன் பைக் சாலையில், பட்டப்பகலில் முன்விளக்கு எரிய மெதுவாக ஊர்ந்த கார் வரிசை ஒன்றை, அலுவலகத்துக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் முந்திக்கொண்டு போனேன். எதிர்ப்புறம் வந்த வண்டிகளெல்லாம் ஓரம் கட்டி நின்றிருந்ததும், ஒரு லாரி ஓட்டுநர் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு நின்றதும் கண்ணில் பட்ட பிறகுதான், அது சவ ஊர்வலம் என்று எனக்கு உறைத்தது. செத்தவர் யாரென்று தெரியாவிட்டாலும் நின்று வழிவிடுவது இந்தப் பகுதியின் நெடுநாள் வழக்கம். நம் ஊரில் பாடை வந்தால் கடைக்காரர் கதவைப் பாதி இழுத்து விடுவதில்லையா, அதுபோல. விளக்கெரியும் கார் வரிசையைக் கண்டால் ஓரம் கட்டுங்கள்.

படி 3: வாயைத் திறப்பது

இந்தப் படியைத்தான் நம்மவர்கள் தாண்டிப் போகிறார்கள். நமக்கு அறிமுகமில்லாதவரிடம் பேச்சுக் கொடுப்பது வழக்கமில்லை. நேராக வேலையைச் சொல்லிவிடுவோம். இங்கே கடையில் நின்று, "இந்தப் பொருள் எங்கே இருக்கிறது?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால் பதில் வரும், ஆனால் அந்த முகத்தில் சிறு சுருக்கமும் வரும். முதலில் நலம் விசாரிக்க வேண்டும். வரிசை இதுதான்: அவர் எப்படி இருக்கிறீர்கள் என்பார், நீங்கள் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி அவரையும் கேட்க வேண்டும், அவர் வெயிலைப் பற்றியோ மழையைப் பற்றியோ ஒரு வாக்கியம் சொல்வார், அதற்கு நீங்கள் ஒத்துப்பேச வேண்டும், பிறகுதான் பொருள். மொத்தமும் இருபது நொடிக்குள் முடிந்துவிடும். பின்னால் வரிசை நீண்டிருந்தாலும் யாரும் முணுமுணுப்பதில்லை, ஏனென்றால் அவர்கள் முறை வரும்போது அவர்களும் அதையே செய்யப்போகிறார்கள்.

விளிச்சொற்களில் கவனம் தேவை. பெண்களை "மேம்" என்றும் ஆண்களை "சர்" என்றும் அழைப்பது இங்கே மேலதிகாரிக்கு மட்டும் உரிய மரியாதை அன்று. பெட்ரோல் நிலையத்து இளைஞனுக்கும் அதுவே. மூத்த பெண்களை "மிஸ்" என்பதோடு முதற்பெயரைச் சேர்த்து அழைப்பார்கள். நம் தெருவில் பெயரோடு அக்காவைச் சேர்ப்பது போன்ற அழைப்பு அது. மரியாதையும் நெருக்கமும் சேர்ந்தது. என் பக்கத்து வீட்டு அம்மையாரை நான் ஓராண்டுக் காலம் "மிசஸ்" போட்டுக் குடும்பப்பெயரால் அழைத்து வந்தேன். ஏதோ வழக்கறிஞர் கடிதம் கொண்டுவந்தவனைப் பார்ப்பதுபோலவே அவர் என்னைப் பார்த்து வந்தார். "யால்" என்றால் நீங்கள் எல்லோரும் என்று பொருள். ஆங்கிலத்தில் இல்லாத பன்மை முன்னிலையை இவர்கள் உண்டாக்கிக்கொண்டார்கள். நீ, நீங்கள் பிரித்துப் பேசிப் பழகிய நமக்கு இது உடனே நாக்கில் ஒட்டிக்கொள்ளும். "பிளெஸ் யுவர் ஹார்ட்" என்று யாராவது சொன்னால் உடனே நன்றி சொல்லாமல் குரலைக் கவனியுங்கள். இரக்கப்பட்டும் சொல்வார்கள், 'இவ்வளவு அப்பாவியா நீ' என்ற பொருளிலும் சொல்வார்கள்.

குடியிருப்புச் சாலைகளில் எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே ஒற்றை விரலை உயர்த்துவார். ஆள்காட்டி விரல்தான், தவறாக நினைக்க வேண்டாம். நீங்களும் உயர்த்துங்கள்.

படி 4: சாப்பாடு

உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடைகளில் "மீட் அண்ட் த்ரீ" என்று எழுதியிருக்கும். ஓர் இறைச்சி, மூன்று காய் என்பது கணக்கு. காய்ப் பட்டியலில் மக்ரோனி பாலாடைக்கட்டியும் இருப்பதைக் கண்டு வியக்க வேண்டாம். இங்கே அது காய்தான். சைவ உணவுக்காரர்கள் நான்கு காய் மட்டும் கேட்டு வாங்கலாம். ஆனால் அங்கேதான் கண்ணி இருக்கிறது. நான் முதன்முதலில் போன ஒரு கடையில் பச்சைப் பீன்ஸைக் காட்டி இதில் இறைச்சி உண்டா என்று கேட்டேன். பரிமாறிய பெண்மணி, "இல்லை கண்ணே, ருசிக்குக் கொஞ்சம் பன்றிக் கொழுப்பு மட்டும்தான்" என்று மிகுந்த அன்போடு சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது தாளிதம். பீன்ஸும் காலர்ட் கீரையும் பாரம்பரியமாக உப்பிட்ட பன்றி எலும்பையோ கொழுப்பையோ போட்டு மணிக்கணக்கில் வேகவைக்கப்படுபவை. ஆகவே இறைச்சி உண்டா என்று கேட்காதீர்கள். எதில் வேகவைத்தீர்கள் என்று கேளுங்கள்.

"டீ" என்று மட்டும் சொன்னால் பனிக்கட்டி மிதக்கும் உயரமான கண்ணாடிக் குவளையில் சர்க்கரைப்பாகு போன்ற குளிர்ந்த தேநீர் வரும். சூடாக வேண்டுமானால் சூடு என்ற சொல்லைச் சேர்த்தே கேட்க வேண்டும், அப்படியும் கிடைப்பது ஒரு கோப்பை வெந்நீரும் அருகில் ஒரு பொட்டலமும்தான். சோளக் குருணையில் செய்யும் கிரிட்ஸ் என்பது பதம் தளர்ந்த உப்புமா. உப்பும் வெண்ணெயும் போட்டால் நன்றாகவே இருக்கும், கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாய் தொட்டுக்கொண்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

வீட்டுச் சமையலுக்கு இந்த ஊர் நீங்கள் நினைப்பதைவிட ஒத்துவரும். தென்மாநிலத்தார் வெண்டைக்காய்ப் பிரியர்கள். கோடைக்காலத்தில் உழவர் சந்தையில் பிஞ்சு வெண்டை குவிந்திருக்கும். முனையை ஒடித்துப் பார்த்து வாங்கும் நம் பழக்கத்தை மட்டும் அங்கே காட்ட வேண்டாம். பிஸ்கட் என்று இவர்கள் அழைக்கும் மெத்தென்ற ரொட்டியைச் சுடுவதற்காகக் கடையில் விற்கும் மோர் கெட்டியாக இருக்கும். அதில் ஏற்கெனவே உப்பு சேர்ந்திருக்கக்கூடும் என்பதால், ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டு, ருசி பார்த்த பிறகு உப்புப் போட்டு, இஞ்சியும் பச்சை மிளகாயும் தட்டிப் போடுங்கள். கறிவேப்பிலைக்கு மட்டும் அட்லாண்டாவின் புறநகரான டெக்கேட்டருக்குப் போகும் யாரிடமாவது சொல்லி வைக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாலையோரங்களிலும் பெட்ரோல் நிலையங்களிலும் உப்புத் தண்ணீரில் வேகவைத்த நிலக்கடலை தோலோடு சுடச்சுடக் கிடைக்கும். அமெரிக்காவின் மற்றப் பகுதியினர் இதைக் கண்டு முகம் சுளிப்பார்கள். முதன்முறை அந்த ஈரப் பொட்டலத்தைக் கையில் வாங்கியபோது எனக்குத் தேர்த் திருவிழா நினைவு வந்துவிட்டது.

படி 5: வானம்

இங்கே பயப்பட வேண்டியது டொர்னேடோ என்னும் சுழற்காற்றுக்கு. 2011 ஏப்ரல் 27 அன்று தென்மாநிலங்கள் முழுவதையும் புரட்டிப் போட்ட சுழற்காற்றுகள் இந்தப் பகுதியையும் விடவில்லை. 2020 ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறு இரவு, கிழக்கு பிரெய்னர்ட் பகுதியில் வீடுகள் சுவரோடு பெயர்ந்தன. இரண்டு சொற்களைப் பிரித்தறியப் பழகுங்கள். "வாட்ச்" என்றால் சுழற்காற்று உருவாகும் சூழல் இருக்கிறது, காது கொடுத்திருங்கள் என்று பொருள். "வார்னிங்" என்றால் வந்துவிட்டது அல்லது ரேடாரில் தெரிந்துவிட்டது, அந்த நொடியே உள்ளே ஓடுங்கள் என்று பொருள். நிலவறை இருந்தால் அங்கே. இல்லாவிட்டால் தரைத்தளத்தில், சன்னல் இல்லாத உள்ளறையிலோ குளியலறையிலோ, தலைக்குமேல் மெத்தையை இழுத்துக்கொண்டு உட்காருங்கள். காலில் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு வெளியே வரும்போது கண்ணாடிச் சில்லும் ஆணியும் கிடக்கும். இரவில் கைப்பேசியை ஒலியடக்கி வைத்துத் தூங்கும் பழக்கத்தை மார்ச் முதல் மே வரையாவது விட்டுவிடுங்கள்.

அந்த ஈஸ்டருக்கு மறுநாள் காலை எங்கள் தெருவில் விழுந்த ஓக் மரத்தை, கேட்காமலேயே நான்கு பேர் இயந்திர வாளோடு வந்து துண்டு போட்டார்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது, "விரல் உயர்த்தும் ஆள்" என்று.

பனியைப் பற்றி ஒரு வரி போதும்: ஓர் அங்குலம் விழும் என்று அறிவித்தாலே பள்ளிகள் மூடப்படும், கடைகளில் ரொட்டியும் பாலும் தீர்ந்துபோகும்.

படி 6: பாலத்தில் ஒரு மாலை

வால்நட் தெருப் பாலத்துக்கு முதல் மாதத்திலேயே போய்வாருங்கள். 1890-இல் கட்டியது, 1978-இல் வண்டிகளுக்கு மூடப்பட்டு, 1993-இல் நடப்பவர்களுக்காகத் திறக்கப்பட்டது. மாலையில் ஊரே அங்கே நடக்கும். வடகரையில் கூலிட்ஜ் பூங்காப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு ஏறினால், தென்முனையில் எட் ஜான்சன் நினைவிடத்துக்கு வந்து சேர்வீர்கள். 1906-இல், அவர் தண்டனையை நிறுத்திவைக்கும்படி அமெரிக்க உச்சநீதிமன்றம் ஆணையிட்டிருந்தும், ஒரு கும்பல் அந்தக் கறுப்பின இளைஞரைச் சிறையிலிருந்து இழுத்து வந்து இந்தப் பாலத்தில் தூக்கிலிட்டுச் சுட்டது. அதற்குத் துணைபோன ஷெரிஃபை, அதாவது மாவட்டக் காவல் தலைவரை, உச்சநீதிமன்றமே விசாரித்து 1909-இல் தண்டித்தது. அந்த நீதிமன்றம் தன் வரலாற்றில் நடத்திய ஒரே குற்றவியல் விசாரணை அது. நினைவிடம் வந்தது 2021-இல்தான். கடையில் கண்ணே என்று கூப்பிடும் ஊரும் இதுதான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் சற்று நில்லுங்கள். இதைப் பற்றி ஊர்க்காரர் யாராவது பேசினால் கேளுங்கள். ஒப்பிட்டுப் பேச அவசரப்பட வேண்டாம்.

படி 7: ஞாயிற்றுக்கிழமை

அறிமுகமான இரண்டாம் நாளே, "எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள்?" என்று கேட்பார்கள். மதம் மாற்றும் எண்ணத்தோடு கேட்கிறார்கள் என்று விறைத்துக்கொள்ள வேண்டாம், பலரைப் பொறுத்தவரை நம் ஊரில் "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்பதற்கு இணையான கேள்வி அது. நாங்கள் இந்துக்கள், கோவிலுக்குப் போவோம் என்று இயல்பாகச் சொன்னால் போதும். எவ்வளவு தூரம் என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் உண்மையாகவே வருத்தப்படுவார்கள். புதன் மாலையும் பல சர்ச்சுகளில் கூட்டம் உண்டு; அந்த நேரத்தில் அண்டை வீட்டாரை விருந்துக்கு அழைக்காதீர்கள். ஞாயிறு பகல் 12 மணிக்குமேல் உணவகங்களில் இடம் கிடைக்காது. 11 மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள்.

கோவில் என்றால் இரண்டு வழி. தெற்கே அட்லாண்டாவை அடுத்த ரிவர்டேலில் வெங்கடேசுவரர் கோவில், வடமேற்கே நாஷ்வில்லில் கணேசர் கோவில். இரண்டுமே ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். நாஷ்வில் இதே மாநிலத்தில் இருந்தாலும் ஒரு மணி நேரம் பின்தங்கிய நேர வலயத்தில் இருக்கிறது. காலை 7 மணிக்குக் கிளம்பினால் அங்கே கடிகாரம் 8-ஐக் காட்டும்போதே சிலையின் முன் நிற்கலாம் என்று குழந்தைகளிடம் சொல்லி வியக்க வைக்கலாம். திரும்பும்போது அந்த ஒரு மணி நேரம் கையைவிட்டுப் போகும். ஆகவே பிரசாதம் வாங்கிய கையோடு அங்கத்திய நேரப்படி 2 மணிக்குள் கிளம்பிவிடுங்கள். ஐ-24 நெடுஞ்சாலையில் மான்டீகிள் மலையின் செங்குத்தான இறக்கம் வரும்போது வெளிச்சம் இருக்க வேண்டும், லாரிகளுக்குப் பின்னால் இடைவெளி விட்டு இறங்க வேண்டும்.