நச்சுமுறி எதிர்ப்பொருள் ஆய்வுகளை வாசிப்பது எப்படி

பாக்டீரியா நச்சு ஒன்றை முறிக்கும் எதிர்ப்பொருளைக் (ஆன்டிபாடி) கண்டறிந்திருப்பதாகச் சொல்லும் ஆய்வுக் கட்டுரை கைக்கு வந்தால், மாணவர்களில் பலர் சுருக்கத்தையும் கடைசிப் பத்தியையும் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். செய்தி எழுதுவோர் தலைப்போடு நின்றுவிடுவதும் உண்டு. இந்தத் துறையில் அது போதாது. எதிர்ப்பொருள் நச்சைப் பற்றிக்கொள்வது ஒன்று, அதன் செயலை முறிப்பது வேறு, நோயாளியைக் காப்பது முற்றிலும் வேறு. முதலாவதற்குச் சான்று வைத்துக்கொண்டு மூன்றாவதைப் பேசும் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. உயிரியல் முதுகலை மாணவர்களையும் அறிவியல் எழுதுவோரையும் மனத்தில் வைத்து, அத்தகைய கட்டுரையை எந்த வரிசையில் வாசிப்பது, எந்த இடங்களில் நின்று கேள்வி கேட்பது என்பதை இங்கே எழுதுகிறேன்.

கட்டுரைக்குள் போகுமுன், அதில் பேசப்படும் நச்சு எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். தொண்டை அடைப்பான் எனப்படும் டிப்தீரியாவின் நச்சை எடுத்துக்கொண்டால், அதில் இரண்டு துண்டுகள் உண்டு. பி துண்டு செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் ஒட்டிக்கொள்கிறது. ஏ துண்டு செல்லுக்குள் நுழைந்து, புரத உற்பத்திக்கு இன்றியமையாத ஒரு காரணியை முடக்குகிறது. ஏ துண்டின் ஒரே ஒரு மூலக்கூறு உள்ளே போனாலும் செல் செத்துவிடும் என்று 1978இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். எதிர்ப்பொருளோ செல்லுக்குள் நுழையாது. ஆகவே ஏற்பியில் ஒட்டும் பகுதியை மறைக்கும் எதிர்ப்பொருளுக்கு இருக்கும் மதிப்பு, நச்சின் வேறொரு மூலையில் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தாலும் இன்னோர் எதிர்ப்பொருளுக்கு வந்துவிடாது. ஆந்த்ராக்ஸில் கணக்கு சற்று மாறுகிறது. அங்கே பாதுகாப்பு ஆன்டிஜென் என்ற ஒரே புரதம்தான் மற்ற இரண்டு நச்சுக் காரணிகளையும் செல்லுக்குள் கொண்டுபோகிறது. அந்த ஒன்றைத் தடுத்தால் இரண்டும் வெளியிலேயே நின்றுவிடும். ராக்ஸிபாகுமாப் என்ற எதிர்ப்பொருள் அந்தப் புரதத்தைக் குறிவைத்ததற்குக் காரணம் இதுதான். இந்தப் படத்தை வரைந்து முடித்தபின், கட்டுரையில் வரும் எதிர்ப்பொருள் எங்கே உட்காருகிறது என்று ஒரு குறி போடுங்கள். அந்த இடத்தை ஆசிரியர்கள் சொல்லவே இல்லையென்றால், அதையும் தாளில் எழுதி வையுங்கள்.

அடுத்ததாக முடிவுகள் பகுதிக்குத் தாவாமல் செய்முறைப் பகுதிக்குச் செல்ல வேண்டும். அங்கே முதலில் தேட வேண்டியது, "முறிக்கிறது" என்ற சொல் எந்தச் சோதனையின்மேல் நிற்கிறது என்பதை. ஒட்டிய எதிர்ப்பொருளின் அளவைக் காட்டும் எலைசா என்ற சோதனையை மட்டுமே செய்திருந்தால் பற்றுதலுக்குத்தான் சான்று இருக்கிறது. எலைசாவில் நச்சு பிளாஸ்டிக் குழியின் சுவரில் பூசப்படுகிறது. அப்படிப் பூசப்படும்போது புரதம் ஓரளவு குலைந்து, இயல்பான வடிவில் மறைந்திருக்கும் பகுதிகள் வெளியே தெரியக்கூடும். எதிர்ப்பொருள் அந்தப் பகுதிகளைப் பிடித்தாலும் அளவுக் கருவி நல்ல பலனையே காட்டும். இது ஏட்டளவுக் கவலை அல்ல. ரணஜன்னியிலிருந்து (டெட்டனஸ்) பாதுகாப்புத் தரும் குறைந்தபட்ச அளவு, விலங்குவழி முறிப்புச் சோதனையில் அளந்தால் மில்லிலிட்டருக்கு 0.01 சர்வதேச அலகு. வழக்கமான எலைசாவில் அளக்கும்போது 0.1 அலகை எல்லையாகக் கொள்கிறார்கள். எதிர்ப்பொருள் குறைவாக இருக்கும் இடத்தில் எலைசா மிகைப்படுத்திக் காட்டும் என்பதே இந்தப் பத்து மடங்கு வேறுபாட்டின் பொருள்.

செல்வழி முறிப்புச் சோதனை நம்பகமானது, ஆனால் அதை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். டிப்தீரியாவுக்கு வழக்கமாகச் செய்வதைப் பார்ப்போம். 96 குழிகள் கொண்ட தட்டில், இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான சீரத்தை ஒவ்வொரு குழிக்கும் இரண்டு மடங்காக நீர்க்கச் செய்துகொண்டே போவார்கள். எல்லாக் குழிகளிலும் ஒரே அளவு நச்சைச் சேர்த்துச் சற்று நேரம் வைத்திருந்து, ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து உருவான வீரோ செல்களை இடுவார்கள். சில நாட்கள் கழித்துத் தட்டை வெளியே எடுத்தால் நிறமே பதில் சொல்லிவிடும். செல்கள் உயிரோடு வளர்ந்த குழியில் அமிலம் சேர்ந்து ஊடகம் (செல்கள் வளரும் திரவம்) மஞ்சளாகியிருக்கும். செல்கள் செத்த குழியில் ஊடகம் சிவப்பு மாறாமல் நிற்கும். மஞ்சள் முடிந்து சிவப்பு தொடங்கும் இடம்தான் அந்தச் சீரத்தின் முறிப்பு அளவு. இத்தகைய தட்டின் முடிவைப் பார்க்கும்போது சோதனைக் குழிகளைவிட ஓரத்துக் குழிகளையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நச்சு மட்டும் இட்ட குழிகள் அனைத்தும் செத்திருக்கின்றனவா, நச்சே இல்லாத குழிகள் அனைத்தும் பிழைத்திருக்கின்றனவா, அளவு தெரிந்த ஒப்பீட்டுச் சீரம் எதிர்பார்த்த குழியில் நின்றிருக்கிறதா, நச்சோடு தொடர்பே இல்லாத வேறோர் எதிர்ப்பொருளை இட்டபோது செல்கள் செத்தனவா என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை இல்லாத கட்டுரையை மேற்கொண்டு படிப்பதில் பெரும் பயன் இல்லை. இன்னொன்று: இரண்டு மடங்கு நீர்த்தலில் ஒரு குழி முன்னே பின்னே வருவது சோதனையின் இயல்பான ஊசலாட்டம். ஒரு சீரம் 1:64 (அதாவது 64 மடங்கு நீர்த்தபின்னும் முறிக்கிறது), மற்றொன்று 1:128 என்று காட்டிவிட்டு, இரண்டாவது இருமடங்கு வலுவானது என்று ஆசிரியர்கள் எழுதியிருந்தால், அந்தச் சோதனை எத்தனை முறை திரும்பச் செய்யப்பட்டது என்று பாருங்கள்.

எத்தனை அளவு நச்சுக்கு எதிராக முறித்தது என்று சொல்லாமல் முறிப்பு அளவை மட்டும் சொல்வதில் பொருள் இல்லை. நச்சைப் பாதியாகக் குறைத்தால் எந்த எதிர்ப்பொருளும் வலுவானதாகத் தோன்றும். பெர்லினில் பேரிங்கும் கிடசாட்டோவும் 1890இல் நச்சுமுறிச் சீரத்தை அறிவித்தபின், ஒவ்வோர் இடத்திலும் தயாரித்த சீரம் ஒவ்வொரு வலுவில் இருந்ததால் மருத்துவர்கள் திண்டாடினார்கள். அதற்குத் தீர்வாகத்தான் பால் எர்லிக், உலர்த்திப் பாதுகாத்த ஒரு சீரத்தை அடிப்படையாகக் கொண்டு அலகு முறையை 1897இல் வகுத்தார். இன்றைய சர்வதேச அலகு அந்த வழியில் வந்தது. ஆகவே கட்டுரையில் சர்வதேச அலகு இருந்தால், வேறு ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிடலாம். அவர்களுடைய சொந்த அலகு மட்டும் இருந்தால், அந்தக் கட்டுரைக்குள்ளேயே ஒப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நச்சின் அளவைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2002இல் வெளிவந்த, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பொட்டுலினம் ஏ வகை நச்சு பற்றிய ஆய்வைப் போன்ற எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அதில் மூன்று ஒற்றைப்படி எதிர்ப்பொருள்களை (ஒவ்வொன்றும் நச்சின் ஒரே ஓர் இடத்தை மட்டும் பிடிப்பது) எலிகளில் தனித்தனியே சோதித்தபோது, எதுவும் குறிப்பிடத்தக்க அளவுக்கு நச்சை முறிக்கவில்லை. மூன்றையும் சேர்த்துக் கொடுத்தபோது, பாதி எலிகளைக் கொல்லப் போதுமான அளவைப்போல் 4,50,000 மடங்கு நச்சு முறிந்தது. மனித இரத்தத்திலிருந்து பிரித்துச் செறிவாக்கிய எதிர்ப்பொருள் மருந்தைவிட (மனித எதிர்ப்பொருள் செறிவு) இது 90 மடங்கு வலு. ஒற்றை எதிர்ப்பொருள் தோற்றது என்று ஒரு கட்டுரை சொன்னால் உடனே ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கும், கூட்டு வென்றது என்றால் ஒவ்வொன்றின் தனி முடிவையும் கேட்க வேண்டும் என்பதற்கும் இந்த ஒரே ஆய்வு போதும். பொட்டுலினத்தில் வகையையும் கவனிக்க வேண்டும். ஏ முதல் ஜி வரையிலான ஏழு வகைகளில் ஒன்றுக்கான நச்சுமுறி மற்றொன்றைப் பொதுவாக முறிக்காது. ஏழுக்கும் சேர்த்து ஒரு தயாரிப்பு இருப்பது அதனால்தான்.

இனி நேரம். கட்டுரைகளில் பெரிதும் மறைந்து கிடப்பது இதுதான். எதிர்ப்பொருளை நச்சோடு குழாயிலேயே கலந்து ஊசி போட்டார்களா, முதல் நாளே எதிர்ப்பொருளைக் கொடுத்துவிட்டு மறுநாள் நச்சைக் கொடுத்தார்களா, அல்லது நச்சு வேலையைத் தொடங்கியபின் எதிர்ப்பொருளைக் கொடுத்தார்களா என்று படங்களுக்கு அடியிலுள்ள குறிப்புகளில் தேடுங்கள். முதலாவது மிக எளிதான தேர்வு, இரண்டாவது தடுப்பு, மூன்றாவதுதான் சிகிச்சை. செல்லுக்குள் போய்விட்ட டிப்தீரியா நச்சுக்கு எதிராகச் சீரம் கொடுப்பது, திருடன் உள்ளே நுழைந்தபின் வாசலைப் பூட்டுவதற்குச் சமம். அதனால்தான் டிப்தீரியா என்ற ஐயம் வலுத்தவுடன், ஆய்வக முடிவு வரும்வரை காத்திராமல் நச்சுமுறிச் சீரத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பொட்டுலினம் நச்சால் கைக்குழந்தைகளுக்கு வரும் நோயான குழந்தைப் பொட்டுலிசத்தில் நிலைமை வேறு. அங்கே குடலில் குடியேறிய பாக்டீரியா தொடர்ந்து நச்சைச் சுரந்துகொண்டே இருப்பதால், ஏற்கெனவே வந்துவிட்ட தசைச் செயலிழப்பைத் திருப்ப முடியாவிட்டாலும், இனி வரும் நச்சைத் தடுப்பதற்கு இடம் இருக்கிறது. கலிபோர்னியாவில் நடந்த ஆய்வில், மனித எதிர்ப்பொருள் செறிவு பெற்ற குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த சராசரிக் காலம் 5.7 வாரத்திலிருந்து 2.6 வாரமாகக் குறைந்தது. ஒரே தத்துவம், நச்சு வரும் விதம் மாறியதால் பயன்படும் நேரமும் மாறிவிட்டது.

விலங்கு மாதிரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நோய் மனிதரில் எங்கே நடக்கிறதோ அங்கேயே விலங்கிலும் நடக்கிறதா என்று பார்த்தால் போதும். காலரா நச்சு குடலுக்குள் வேலை செய்வது என்பதைக் கொல்கத்தாவில் சம்பு நாத் தே, முயலின் குடல் வளையத்தைக் கட்டி, பாக்டீரியா நீக்கிய வளர்ப்புத் திரவத்தை உள்ளே செலுத்தி 1959இல் நிறுவினார். அந்த எளிய சோதனைக்கு அவர் வாழ்நாளில் கிடைத்த மரியாதை மிகக் குறைவு என்பது தனிக்கதை. குடலில் நடக்கும் நோய்க்கு இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளை மட்டும் அளந்து காட்டும் கட்டுரையிடம், குடலுக்குள் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கேட்பதற்கு அவருடைய வேலையே நமக்கு உரிமை தருகிறது. ஆந்த்ராக்ஸ் போன்ற நோயில் மனிதரிடம் சோதிப்பது அறமாகாது என்பதால், முயல், குரங்கு முடிவுகளைக் கொண்டே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012இல் ராக்ஸிபாகுமாபுக்கு அனுமதி தந்தது. அந்த அனுமதியை மனிதரில் நிரூபணம் என்று எழுதிவிடக் கூடாது.

மனிதரில் நடந்த சோதனைகளை வாசிக்கும்போது, எதை அளந்து வெற்றி என்று சொன்னார்கள் என்பதைப் பாருங்கள். கிளாஸ்டிரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியா ஏ, பி என இரண்டு நச்சுகளைச் சுரக்கிறது. இரண்டுக்கும் எதிரான எதிர்ப்பொருள்களைச் சேர்த்துக் கொடுத்தபோது வெள்ளெலிகள் காப்பாற்றப்பட்டன. மனிதரில் நடத்திய, 2017இல் வெளியான இரண்டு பெரிய சோதனைகளில் ஏ நச்சுக்கு எதிரான ஆக்டாக்ஸுமாப் தனியாகப் பயன் தரவில்லை. பி நச்சுக்கு எதிரான பெஸ்லோடாக்ஸுமாபோடு சேர்த்தபோதும் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. பெஸ்லோடாக்ஸுமாப் மட்டும் பெற்றவர்களில் நோய் திரும்ப வந்தது ஒரு சோதனையில் 17 விழுக்காடு, மற்றதில் 16 விழுக்காடு. மருந்தற்ற ஊசி பெற்றவர்களில் முறையே 28, 26. இந்த எண்களை எடுத்துக்கொண்டு, நோயை எதிர்ப்பொருள் குணப்படுத்தியது என்று எழுதினால் தவறு. எல்லாருக்கும் வழக்கமான ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது. எதிர்ப்பொருள் குறைத்தது நோய் திரும்புவதை மட்டுமே. ஏறத்தாழ பத்துப் பேருக்கு ஊசி போட்டால் ஒருவருக்கு நோய் திரும்புவது தவிர்க்கப்படும் என்று கணக்கிட்டு எழுதுவது நேர்மையானது. பக்கவிளைவு அட்டவணையையும் தவறவிடாதீர்கள். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இம்மருந்தைக் கொடுப்பதில் எச்சரிக்கை தேவை என்பது அங்கேதான் தெரியவந்தது. கடைசியாக, கட்டுரை வெளியான ஆண்டைக் குறித்துக்கொண்டு, அந்த மருந்து இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று தனியாகத் தேடிப் பாருங்கள். 2016இல் அனுமதி பெற்ற பெஸ்லோடாக்ஸுமாபின் விற்பனையைத் தயாரிப்பு நிறுவனம் 2025 ஜனவரியோடு நிறுத்திக்கொண்டது. அதற்கு முன் எழுதப்பட்ட மீளாய்வுக் கட்டுரைகளில் அது இன்னும் கிடைக்கும் மருந்தாகவே இருக்கிறது.