வாடும் செடிக்கு இன்னொரு வாளி: கூட்டுத் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களை எடுங்கள், தினமும் தண்ணீர் ஊற்றுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை மறக்கிறவர்களுக்குச் செடியே சொல்லிக் கொடுத்துவிடும். முதல் பருவத்தில் பாத்தி எடுத்தவர்கள் நல்ல எண்ணத்தோடு, உழைத்துச் செய்கிற தவறுகள் வேறு. பழையவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் செய்தவைதான். கோலாலம்பூரில் அடுக்குமாடிக்குப் பின்னால், கோயில் ஓரத்தில், மின்கோபுரத்துக்கு அடியில் என்று காலி நிலம் கிடைத்த இடமெல்லாம் தோட்டமாகிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் அதே தவறுகள் முதலிலிருந்து தொடங்குகின்றன.

காலை பத்து மணிக்குப் பாத்தி பார்ப்பது

காலையில் வெயில் பளிச்சென்று அடிக்கிறது என்று பாத்தியை எடுத்துவிடுகிறார்கள். காய்க்கிற செடி எதற்கும் ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். ஒரு நாள் பார்த்தது ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருக்காது. நம் ஊர் பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே இருக்கிறது. ஜூன் மாத உச்சிச் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும், டிசம்பரில் தெற்கே போய்விடும். 60 மீட்டர் உயரமுள்ள ஒரு அடுக்குமாடிக் கட்டடம் டிசம்பர் நண்பகலில் வடக்கே ஏறத்தாழ 30 மீட்டர் நிழல் போடும். ஜூனில் தெற்கே 22 மீட்டர் போடும். கட்டடத்துக்கு வடக்கே பாத்தி எடுத்தவர் ஜூலையில் மிளகாய் பறித்துவிட்டு, டிசம்பரில் “செடிக்கு என்னமோ ஆச்சு” என்பார். செடிக்கு ஒன்றும் ஆகவில்லை, நிழல் வந்துவிட்டது. அந்த மாதங்களில் அங்கே கங்கோங் (வள்ளைக்கீரை), சாவி (கடுகுக் கீரை வகை) போடலாம். அரை நிழலைத் தாங்கும்.

தரையோடு தரையாக நடுவது

மார்ச் கடைசியிலிருந்து மே வரையும், அக்டோபர், நவம்பரிலும் மாலை மழை எப்படிக் கொட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் செம்மண் களிமண்ணில் தண்ணீர் இறங்காது. வேர் ஒரு நாள் முழுக்க நீரில் நின்றால் மிளகாய் இலை தொங்கிவிடும். பாத்தி ஒரு முழமாவது உயர்ந்திருக்க வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். அவ்வளவு தேவையில்லை, 25 முதல் 30 சென்டிமீட்டர் போதும். அகலம் 1.2 மீட்டருக்கு மேல் வேண்டாம். அதைத் தாண்டினால் நடுவில் கை எட்டாமல் பாத்திமேல் காலை வைப்பீர்கள், மண் இறுகிவிடும். இரண்டு பாத்திக்கு நடுவே 40 சென்டிமீட்டர் வாய்க்கால் விட்டு, அது எங்கே போய் முடிகிறது என்பதையும் பாருங்கள். பக்கத்துக்காரர் பாத்தியில் முடிகிற வாய்க்கால்கள் நிறைய உண்டு.

சுண்ணாம்பும் கோழி எருவும் ஒரே சனிக்கிழமையில்

வாரக் கடைசியில்தான் நேரம் கிடைக்கிறது என்பதால் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிக் கிளறிவிடுகிறார்கள். எருவில் இருக்கும் அமோனியம் சுண்ணாம்பு பட்டதும் அமோனியா வாயுவாகிப் பறந்துவிடும். மூக்கைத் துளைக்கிற அந்த நாற்றம் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நைட்ரஜன்தான். மிச்சமிருக்கும் வாயு மறுநாள் நட்ட நாற்றின் வேரைக் கருக்கும்.

முறை இப்படி: முதல் வாரம் டோலமைட் சுண்ணாம்பு, சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம். 1.2 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளம் உள்ள பாத்திக்கு ஏறத்தாழ ஒரு கிலோ ஆகும். மண்ணோடு கலந்து நனைத்துவிடுங்கள். அடுத்த வாரம் மக்கிய கோழி எரு, அதே பாத்திக்கு நான்கைந்து கிலோ. இன்னும் ஒரு வாரம் விட்டு நடவு. மக்காத எரு மலிவாகக் கிடைக்கிறது என்று மூட்டையோடு கொண்டுவந்தால், ஈ வரும், பிறகு மேல்மாடிக்காரர்களின் புகார் வரும். பச்சையாகத் தின்கிற உலாம் இலைகளுக்கு மக்காத எரு போட்டால் பறிப்பதற்குள் நான்கு மாதமாவது போயிருக்க வேண்டும். எந்த உலாமும் அவ்வளவு நாள் காத்திருக்காது.

சுண்ணாம்புக்கு முன்னால் மண்ணின் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு) பாருங்கள். நம் மண் பெரும்பாலும் புளிப்பு, 5.5க்குக் கீழே. ஆனால் இடித்த கட்டடத்தின் சிமெண்டுத் துண்டுகள் கலந்த நிலமாக இருந்தால் ஏற்கெனவே 7ஐத் தாண்டியிருக்கலாம். அங்கே சுண்ணாம்பு போட்டால் கீரை வெளுத்துப் போகும்.

வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது

மற்றதெல்லாம் அவரவர் நஷ்டம். இது தோட்டத்துக்கே நஷ்டம்.

காட்சி எங்கும் ஒன்றுதான். கத்தரி பூத்து, முதல் பிஞ்சு விட்டிருக்கும். ஒரு மதியம் நுனி இலைகள் மட்டும் தொங்கும். சாயங்காலம் நிமிர்ந்துகொள்ளும். மறுநாள் மதியம் பாதிச் செடி தொங்கும்.

“அண்ணே, உங்க கத்தரி வாடுதே, தண்ணி ஊத்தலையா?”

“காலையிலகூட ஊத்தினேன்மா.”

“பத்தல போல. நான் ஒரு வாளி ஊத்திட்டுப் போறேன்.”

அந்த ஒரு வாளிதான் கிருமியைப் பக்கத்துச் செடிக்கு ஓட்டிக்கொண்டு போகிறது. இது தாகம் இல்லை, பாக்டீரியா வாடல் நோய். ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா மண்ணில் இருந்து, நடும்போதும் களை கொத்தும்போதும் வேரில் பட்ட காயம் வழியாக உள்ளே போகிறது. தண்ணீர் ஏறுகிற குழாய்களில் பெருகி அடைத்துவிடுகிறது. வேரில் நீர் இருக்கும், இலைக்குப் போகாது. 30 டிகிரிக்கு மேற்பட்ட சூடும் ஈரமும் அதற்குக் கொண்டாட்டம். நம் ஊரில் அதற்கு ஓய்வு நாளே கிடையாது.

அடையாளம் ஒன்று: இலை பச்சையாகவே வாடும். மஞ்சளாகி, கீழ் இலையிலிருந்து மேலே ஏறினால் அது பெரும்பாலும் பூஞ்சாண வாடல், வேறு கதை. சந்தேகமிருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்த்துக்கொள்ளலாம். வாடிய செடியின் தண்டை மண்ணுக்குச் சற்று மேலே வெட்டி, 5 சென்டிமீட்டர் துண்டைக் கழுவுங்கள். கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுப்பக்கம் மட்டும் நீரில் படும்படி துண்டைப் பிடியுங்கள். ஆட்டக் கூடாது. பின்னால் ஒரு கருப்புத் துணி இருந்தால் நன்றாகத் தெரியும். பால் கலந்த நூல் போல ஒன்று வெட்டுவாயிலிருந்து மெல்ல இறங்கினால் முடிந்தது. அந்த நூல் முழுக்கக் கிருமி.

இதற்கு மருந்து கிடையாது. கடையில் பூஞ்சாணத்துக்கு விற்கிற மருந்தை வாங்கித் தெளிப்பவர்கள் காசைத் தெளிக்கிறார்கள். செய்ய வேண்டியது இது:

அன்றே பிடுங்குங்கள். வேரோடு ஒட்டிய மண்ணையும் சேர்த்து, ஒரு மண்வெட்டி அகலத்துக்குத் தோண்டி, நேராகக் குப்பைப் பைக்குள். பாதையில் நின்று வேரை உதறுவது, வழியெல்லாம் மண் சிந்த இழுத்துக்கொண்டு போவது, கடைசியில் பொது உரக்குழியில் போடுவது, இந்த மூன்றையும் ஒரே ஆள் ஒரே நாளில் செய்வார். உரக்குழியில் போனது அடுத்த பருவத்தில் எல்லாருடைய பாத்திக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கப்படும். வீட்டு உரக்குழியின் சூடு எல்லா மூலையிலும் கிருமியைக் கொல்லும் என்று நம்ப முடியாது.

பிறகு மண்வெட்டி. கூட்டுத் தோட்டத்தில் பத்துப் பேருக்கு இரண்டு மண்வெட்டி இருக்கும், அதுதான் வம்பு. முதலில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துக் கழுவுங்கள், சேறோடு பிளீச்சில் முக்கினால் அதன் குளோரின் சேற்றோடு தீர்ந்துவிடும். வீட்டில் துணிக்குப் போடுகிற பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து இரும்பை நனைத்து, சில நிமிடம் வைத்து, நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து வையுங்கள். துடைக்காவிட்டால் துருப்பிடிக்கும். கத்தரிக்கோலையும் விடாதீர்கள். செருப்புப் பாதம்கூட மண் சுமக்கும்.

எல்லாம் செய்துவிட்டு, வெற்றிடத்தில் அடுத்த வாரமே மிளகாய் நடுவார்கள். கத்தரிதானே செத்தது, மிளகாய் வேறே செடியாச்சே என்று. எரிச்சல் இங்கேதான் உச்சிக்கு ஏறும். கத்தரி, தக்காளி, மிளகாய், உருளை எல்லாம் ஒரே குடும்பம், ஒரே கிருமிக்குச் சொந்தக்காரர்கள். கீரையாகுமே என்று தானாக முளைத்ததை விட்டுவைக்கிற மணத்தக்காளியும் அதே வீட்டுப் பிள்ளை. தான் வாடாமல் நின்று கிருமிக்குச் சோறு போடும். அந்தப் பாத்தியில் இரண்டு மூன்று ஆண்டுகள் சோளம், வெண்டை, நீட்டுப் பயறு, சாவி என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரு பருவம் சும்மா போட்டால் போதும் என்பது ஆசை மட்டும்தான்.

இரண்டு ஆண்டு கத்தரி இல்லாமல் இருக்க முடியாதென்றால் வழி இருக்கிறது. மண்ணைத் தொடாமல் வளர்ப்பது ஒன்று: 16 அங்குல பாலிபேக்கில் தேங்காய் நார்த்தூள் நிரப்பி, செங்கல்மேல் வையுங்கள். பையின் அடித்துளை வழியாக வேர் தரைக்குள் இறங்கிவிட்டால் பைக்கு அர்த்தமில்லை, அதனால் அடியில் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும்.

இன்னொன்று ஒட்டுக்கட்டுவது. நம் வீட்டு வற்றல் குழம்புச் சுண்டைக்காயின் வேர் இந்த நோயை நன்றாகத் தாங்கும். தெரோங் பிப்பிட் என்று மலாய்க்காரர்கள் சொல்கிற அதே செடி. கத்தரியையும் தக்காளியையும் அதில் ஒட்டலாம், மிளகாய் ஒட்டாது. சுண்டை முளைக்கச் சோம்பல், கத்தரிக்கு ஒரு மாதம் முன்பே விதைத்துவிடுங்கள். இரண்டு நாற்றின் தண்டும் ஏறக்குறைய ஒரே பருமன் ஆனதும், சவரக் கத்தியால் இரண்டையும் ஒரே சாய்வில் வெட்டி, வெட்டுமுகம் பொருந்த வைத்து, ஒட்டுக் கிளிப்பால் பிடியுங்கள். தண்ணீர் தெளித்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடி நிழலில் ஒரு வாரம் வைத்து, பிறகு மூடியைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள். முதல் முறை பத்தில் பாதி தேறினாலே பெரிது. நடும்போது ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அது புதைந்தால் மேற்செடி தானே வேர்விட்டு, நோயை நேராக உள்ளே கூப்பிட்டுக்கொள்ளும். கீழிருந்து வருகிற சுண்டைத் துளிரைக் கிள்ளிவிடுங்கள், இல்லையென்றால் மூன்று மாதம் கழித்துச் சுண்டைக்காய்தான் பறிப்பீர்கள்.

விதைப் பொட்டலத்துப் படத்தை நம்புவது

புரோக்கோலி, கேரட், பெரிய தக்காளி: இவற்றுக்குக் குளிர் வேண்டும், கேமரன் மலைக்குப் போய் வாங்குங்கள்.

தீபாவளிக்கு மிளகாய்

பண்டிகைக்குச் சொந்த மிளகாய் வேண்டுமென்று ஆகஸ்டில் நடுவார்கள். பழுக்கிற நேரமும் மழையும் ஒன்றாக வரும். பழத்தில் வட்டவட்டமாகக் குழி விழுந்து அழுகும். நாற்று நட்டதிலிருந்து முதல் பறிப்புக்கு 75 முதல் 90 நாள். அதைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, வெயில் மாதத்தில் பழுக்கும்படி ஏப்ரலில் நட்டு, ஜூலையில் பறித்துக் காயவைத்தால் தீபாவளிக்கு மிளகாய்த்தூளாகவே கிடைக்கும். பண்டிகைக்குப் பசுமையாக வேண்டுமானால் கீரை போடுங்கள், 25 நாளில் கைக்கு வரும்.

பச்சை உரத்தை விடாமல் போடுவது

பச்சை உரம் என்று விற்கிற 15:15:15 என்பிகே (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் கலந்த உரம்) இலை வளர்கிற வரைக்கும்தான். பூக்கத் தொடங்கியதும் 12:12:17:2க்கு மாறுங்கள், கடையில் நீல உரம் என்றால் கொடுப்பார்கள். மிளகாய்ச் செடிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இரண்டு தேக்கரண்டி, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. தண்டை ஒட்டிப் போட்டால் உப்பு வேரைச் சுடும். நீட்டுப் பயறு தன் நைட்ரஜனைத் தானே தேடிக்கொள்கிற செடி. அதற்குத் தாராளமாகப் போட்டால் கொடி மூன்று மீட்டர் ஏறும், காய் மூன்று இருக்கும்.

மூடாத தண்ணீர்த் தொட்டி

ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் 500 ரிங்கிட் வரை கம்பவுண்ட் (வழக்குக்குப் போகாமல் கட்டுகிற அபராதம்) வரலாம். தொட்டி பொதுவானது என்றால் அபராதம் யாருக்கு என்று அன்றைக்குத்தான் சண்டை தொடங்கும். இறுக்கமான மூடி, அல்லது கொசுவலை. செடிக்கு மட்டும் பயன்படுகிற தொட்டியில் 10 லிட்டருக்கு ஒரு கிராம் அபேட் (கொசுப்புழு மருந்து). பானைத்தட்டு, கவிழ்க்காத வாளி, மடங்கிக் கிடக்கும் தார்ப்பாய் இவற்றையும் பாருங்கள்.

பெரிய நத்தையை வெறுங்கையால் எடுப்பது

வேண்டாம். மூளையைத் தாக்குகிற புழு இருக்கலாம். கையுறை, இடுக்கி.

வெண்டைக்காயைச் சனிக்கிழமைக்கு விட்டுவைப்பது

பூ உதிர்ந்து நான்கைந்து நாளில் பறிக்க வேண்டும். வார நடுவில் வர முடியாதென்றால் பக்கத்துப் பாத்திக்காரரிடம் “புதன்கிழமை பறிச்சு நீங்களே வச்சுக்குங்கக்கா” என்று சொல்லிவிடுங்கள். முற்றிய காய் செடியில் நின்றால் அடுத்த பூ குறையும். நுனியை ஒடித்துப் பாருங்கள், டக்கென்று முறியாமல் வளைந்தால் விதைக்குத்தான் ஆகும்.

அந்த விதையையும் பொட்டலத்தில் எஃப்1 (கலப்பினம்) என்று போட்டிருந்தால் எடுத்து வைக்காதீர்கள்.